எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய பத்தாம் நாள் உடலெங்கும் தடிப்பு: எந்த மாத்திரையை நிறுத்துவது?

கேள்வி:
என் தம்பிக்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் டி.எல்.டி. மாத்திரையையும் (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் ஆகிய மூன்று எச்.ஐ.வி. மருந்துகள் சேர்ந்தது) தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் ஒரே நாளில் தொடங்கினார்கள். சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 140. பத்தாம் நாளான நேற்று மார்பிலும் முதுகிலும் அரிப்புடன் சிவந்த தடிப்புகள் தோன்றின. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்கிறான். நிறுத்தலாமா?

பதில் 1 (ஏ.ஆர்.டி. மையச் செவிலியர்):
தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். இன்றே மையத்தில் காட்டுங்கள். ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் அல்லது உரிதல், முகவீக்கம், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தடிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைவிட, உதட்டின் உட்புறமும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்பதையே நாங்கள் முதலில் பார்ப்போம். தோல் உரியும் கடுமையான மருந்து ஒவ்வாமையான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி பெரும்பாலும் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் சொல்லும் நாள் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோட்ரைமாக்சசோல் மீதுதான் சந்தேகம். சல்ஃபா வகையைச் சேர்ந்த இம்மருந்தால் வரும் தடிப்பு பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தலைகாட்டும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். டி.எல்.டி.யில் உள்ள டொலுடெகிராவிராலும் ஒவ்வாமை வரலாம், எனினும் அது அரிது.

பதில் 2 (மருந்தாளுநர்):
கோட்ரைமாக்சசோலை நிறுத்த நேர்ந்தாலும், சி.டி.4 இவ்வளவு குறைவாக இருக்கும்போது நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்னும் நுரையீரல் தொற்றைத் தடுக்க மாற்று மருந்து தேவை. வழக்கமாக டாப்சோன் தருவார்கள். ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும் என்பதால் அதற்கான பரிசோதனை முதலில் வேண்டும். தடிப்பு இலேசானதாக இருந்திருந்தால், அது ஆறிய பின் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி அதே மருந்துக்கு உடலைப் பழக்கும் முறையும் உண்டு. கொப்புளம் வந்தவர்களுக்கு அதை முயலவே கூடாது.

பின்னாளில் அபாகாவிர் என்ற வேறொரு எச்.ஐ.வி. மருந்தைத் தர நேர்ந்தால், அதன் ஒவ்வாமைக்கான மரபணுவைக் கண்டறியும் எச்.எல்.ஏ.-பி*57:01 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அம்மருந்தின் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களில், காய்ச்சலும் வாந்தியும் இருமலுமாக, ஒவ்வொரு வேளைக்கும் கூடிக்கொண்டே வரும். அப்படி நிறுத்தியவர் மறுபடி ஒரு மாத்திரை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து.

கேட்டவர்:
காட்டிவிட்டோம். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் இல்லை. கோட்ரைமாக்சசோலை மட்டும் நிறுத்தி, அரிப்புக்குச் செட்டிரிசின் கொடுத்து, ஜி6பிடி பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். டி.எல்.டி. தொடர்கிறது. அவனுடைய பச்சை நிறச் சிகிச்சை அட்டையில் சல்ஃபா ஒவ்வாமை என்று எழுதித் தந்தார்கள்.

பதில் 1:
வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்த அட்டையை முதலில் காட்டச் சொல்லுங்கள்.