பரம்பிக்குளம்: இரண்டு நாள் விடுப்பைக் கொடுக்கத் தகுந்த காடுதானா? (அனுபவப் பகிர்வு)

திருச்சியிலிருந்து கேட்பவர்

வணக்கம். வருகிற டிசம்பரில் கிடைக்கும் இரண்டு நாள் விடுப்பில், பொள்ளாச்சி வழியாகப் போகும் கேரளப் புலிகள் காப்பகமான பரம்பிக்குளம் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நானும் மனைவியும், 9 வயது மகளும், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் ஆக நான்கு பேர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வண்டி வரிசையில் நின்று சலித்துப்போனதால்தான் இந்த யோசனையே வந்தது. உடன் வேலை பார்க்கும் ஒருவரோ, "அரை நாள் மலையேறிப் போய், பொள்ளாச்சிச் சந்தையில் பார்க்கக்கூடிய மாட்டைக் காட்டில் பார்த்துவிட்டு வருவீர்கள்" என்று சிரிக்கிறார். மகள், புலியைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போய்வந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுதினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும். படங்கள் வேண்டாம், அவற்றைப் போதுமான அளவு பார்த்தாயிற்று.

கோவையிலிருந்து

கெட்டதை நான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் கிளம்பினோம். பொள்ளாச்சியில் நிதானமாகச் சிற்றுண்டி முடித்துச் சேத்துமடைச் சோதனைச் சாவடிக்கு வந்தபோது பத்தரை ஆகிவிட்டது. பைகளைத் திறந்து பார்த்து நெகிழிப் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது சரியான செயல்தான், நாங்கள்தான் தெரிந்து வந்திருக்க வேண்டும். டாப்சிலிப் தாண்டி ஆனைப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி வருகிறது; அங்கே மறுபடியும் பதிவு, மறுபடியும் கட்டணம். காட்டுலா வண்டியில் இடம் முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

ஏறிய வண்டியில் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. நாங்கள் பார்த்தவை: நிறைய புள்ளிமான்கள், மயில்கள், ஒரு கருமந்தி (கருங்குரங்கு) குடும்பம், மூங்கிலுக்குப் பின்னால் ஒரு காட்டுமாட்டின் முதுகு. எங்களுக்கு ஏற்பாடு செய்துகொடுத்த முகவர், பெயர் வேண்டாம், "புலி நிச்சயம்" என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கியிருந்தார். திரும்பி வந்து கேட்டபோது, "காட்டு மிருகத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அந்தப் பதில் சரிதான், ஆனால் அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் பயணம் என்றால் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

உடுமலைப்பேட்டையிலிருந்து

கோவை நண்பர் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் நான் நான்கு முறை போயிருக்கிறேன், ஐந்தாம் முறையும் போவேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் முறை நான் விலங்கு பார்க்கப் போகவில்லை, தண்ணீர் பார்க்கப் போனேன். எங்கள் தோட்டத்துக்கு வருவது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர். பரம்பிக்குளம் அணையில் சேரும் நீர் தூணக்கடவு அணைக்கு வந்து, சுரங்கம் வழியாக மலையிறங்கிச் சர்க்கார்பதி மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அங்கிருந்து 3.77 லட்சம் ஏக்கருக்கு நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் திறக்கிறார்கள். வாய்க்காலின் கடைமடையில் இருந்துகொண்டு "தண்ணீர் எப்போது வரும்" என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அது புறப்படும் இடத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

அந்த இடம் ஒரு விசித்திரமான ஏற்பாட்டில் இருக்கிறது. காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குள் இருக்கும் அணைகளைப் பராமரிப்பது தமிழக அரசு. இதற்கான ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. வண்டிப் பாதையோ தமிழகத்தின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியாக மட்டுமே போகிறது. இரண்டு சாவடிகள், இரண்டு கட்டணங்கள் என்று கோவை நண்பர் சலித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நேரம் போவதும் இதனால்தான். காலை ஏழு மணிக்குச் சேத்துமடையில் நிற்பவருக்கும் பத்தரைக்கு வருபவருக்கும் கிடைப்பவை இரண்டு வேறு காடுகள்.

இனி இரவைப் பற்றி. இரண்டாம் முறை தூணக்கடவில் மரத்தின்மேல் கட்டியிருக்கும் குடிலில் ஓர் இரவு தங்கினோம். மாலை வண்டிகள் எல்லாம் இறங்கிப்போனபின் அணைநீரின் ஓசைகூட இல்லாத ஓர் அமைதி வருகிறது. நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் அது காதுக்குள் அடைப்பு போலத்தான் இருக்கும். இரவு இரண்டு மணியளவில் கீழே சரக், சரக் என்று யாரோ சீராகப் புல்லறுப்பதுபோன்ற ஓசை கேட்டு எழுந்தேன். விளக்குப் போடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தேய்பிறை நிலவில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தரைக்குச் சற்று மேலே வெள்ளையாக ஏதோ நகர்வது தெரிந்தது. ஒன்று, இரண்டு, எட்டு, பன்னிரண்டு. காட்டுமாட்டின் உடல் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. உடல்கள் எல்லாம் இருட்டில் கரைந்துபோயிருக்க, கால்கள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. மூச்சு விடும் சத்தம் மேலே வரை கேட்டது, சாணமும் ஈரப்புல்லும் கலந்த வாடை எங்கள் தொழுவத்து வாடையிலிருந்து அதிகம் வேறுபட்டதாக இல்லை. அரை மணி நேரம் நின்றிருப்பேன். பொள்ளாச்சிச் சந்தையில் இதைப் பார்க்க முடியாது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

மறுநாள் காலை நடைக்கு வந்த வழிகாட்டி, காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர். ஒரு மணி நேர நடை என்று பேச்சு. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, பாதையில் கிடந்த யானை லத்தியின் அருகில் குனிந்தார், புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார், நிமிர்ந்து காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பினார். "போகலாம், திரும்புங்க" என்றார், அவ்வளவுதான். எங்களில் ஒருவர் கட்டிய பணத்தைப் பற்றி முனகினார். வழிகாட்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் யானையைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் புறங்கையைப் பார்த்ததற்கே நான் கட்டிய தொகை சரியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

கன்னிமரத் தேக்கையும் சொல்ல வேண்டும். வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள், சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். 1994–95இல் இந்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற மரம். வெட்ட முயன்றபோது இரத்தம் வடிந்தது, அதனால் வெட்டாமல் விட்டு வணங்கத் தொடங்கினார்கள் என்பது அங்குள்ள கதை. அந்த வட்டாரத்தில் இருந்த பழைய தேக்குகள் கப்பலுக்கும் இரயிலுக்கும் போய்விட்ட பின், இன்று நீங்கள் வழியெல்லாம் பார்க்கும் தேக்கில் பெரும்பகுதி வனத்துறை வரிசையாக நட்டது. அந்த வரிசைகளைக் கடந்து வந்து இந்த ஒற்றை மரத்தின் அடியில் நிற்கும்போதுதான் என்ன போயிற்று என்பது புரிகிறது.

புலி விஷயத்தில் மகளிடம் முன்பே பேசிவிடுங்கள். நான்கு முறையில் நான் பார்த்தது ஒரு முறை, அதுவும் சாலையைக் கடந்த வால்.

பாலக்காட்டிலிருந்து

எங்கள் மாவட்டத்துக் காட்டுக்கு நாங்களே பொள்ளாச்சி சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. உடுமலை ஐயா சொன்ன விசித்திரத்தின் மறுபக்கம் இது. நான் போவது பறவைகளுக்காக. 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பின்போது தங்கிய குரியார்குட்டி இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. மரம் கொண்டுபோவதற்காக 1907 முதல் பல ஆண்டுகள் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஓடிய டிராம் பாதையின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். இருவாச்சியின் சிறகோசையைத் தலைக்குமேல் கேட்டவர்கள், பார்க்காமலேயே அது எந்தப் பறவை என்று சொல்லிவிடுவார்கள். தீக்காக்கை என்ற சிவப்பு வயிற்றுப் பறவை வேண்டுமென்றால் பொறுமையும், பேசாத துணையும் வேண்டும்.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டை உங்களை விடாது. உப்பும் புகையிலைத் தூளும் கொண்டுபோனாலும் இரண்டு மூன்று கடி உறுதி. மார்ச் வாக்கில் விலங்குகள் நீர்நிலைக்கு வருவதால் எளிதில் தென்படும், ஆனால் காட்டுத்தீ அச்சத்தால் சில ஆண்டுகளில் மூடிவிடுகிறார்கள். டிசம்பர் நல்ல தேர்வு. விலங்குகள் குறைவாகத் தெரியும், காடு அழகாக இருக்கும், குழந்தைக்கும் பெரியவருக்கும் வெயில் தொல்லை இல்லை.

இன்னொன்று. 643 சதுர கிலோமீட்டர் காப்பகம் என்றதும் ஆளில்லாக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகள் உள்ளே இருக்கின்றன. 2023இல் இடுக்கி மாவட்டச் சின்னக்கானல் பகுதியில், ஊருக்குள் புகுந்து சேதம் செய்ததால் பிடிக்கப்படவிருந்த அரிக்கொம்பன் யானையை இங்கே கொண்டுவந்து விடலாம் என்று நீதிமன்றம் சொன்னபோது, எதிர்ப்புத் தெரிவித்துத் தெருவில் இறங்கியவர்கள் இந்த வட்டாரத்து மக்கள்தான். குடியிருப்புகளின் வழியாகப் போகும்போது வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் படம் எடுக்காமல் இருந்தால் நல்லது.

மதுரையிலிருந்து

அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தந்தையாருக்கு 72 வயது, அவருக்கும் முழங்கால்தான். மரக்குடிலுக்கு ஏற வேண்டிய படிகளைப் பார்த்ததுமே அது அவருக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆனைப்பாடியில் சமதரையில் போட்டிருக்கும் கூடாரங்கள் அவருக்கு ஏற்றவையாக இருந்தன; கழிப்பறை ஒட்டியே இருக்கிறது, இரவில் வெளியே நடக்க வேண்டியதில்லை. வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்தால் சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நடை மட்டும் அவரால் முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது இது: உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் பொள்ளாச்சி வரைதான் இறங்க வேண்டும், இரவில் சாவடிகள் அடைத்திருக்கும், நாங்கள் போனபோது கைப்பேசியில் பி.எஸ்.என்.எல். தவிர எதுவும் எடுக்கவில்லை. இதய நோயோ மூச்சுத் திணறலோ இருப்பவரை நான் அழைத்துப்போக மாட்டேன். முழங்கால் வலி மட்டும் என்றால் தயங்க வேண்டியதில்லை. போய்வந்த பிறகு, கூடாரத்தில் இரவுக் குளிர் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நாங்கள் போனது ஏப்ரல்.

திருச்சியிலிருந்து, மீண்டும்

போய்வந்தோம். அனைவருக்கும் நன்றி. கோவை நண்பரின் பேச்சைக் கேட்டு முந்தின இரவே பொள்ளாச்சிக்கு வந்து தங்கி, விடியலில் சேத்துமடையில் வரிசையில் இரண்டாவது வண்டியாக நின்றோம். ஆனைப்பாடிக் கூடாரத்தில் ஓர் இரவு. புலி வரவில்லை. மகள் ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்: புள்ளிமான் 61, மயில் 14, கருமந்தி 9, காட்டுமாடு 23, மலை அணில் 2, கடமான் 1. புலி என்ற கட்டத்தில் முதல் நாள் இரவு சுழியம் போட்டுவிட்டு உறங்கினாள். மறுநாள் நடையில் வழிகாட்டி ஒரு மரத்தின் பட்டையைக் காட்டினார். என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொடங்கி நான்கு நீண்ட கீறல்கள், அவற்றிலிருந்து வழிந்த பால் இன்னும் காய்ந்திருக்கவில்லை. மகள் அருகில் போகவில்லை, என் கையையும் விடவில்லை. கூடாரத்துக்கு வந்தபின் அந்தச் சுழியத்தை அடிக்காமல் பக்கத்தில் "கீறல் 4" என்று எழுதியிருக்கிறாள்.

செலவு நான்கு பேருக்கும் சேர்த்து நாங்கள் கொடைக்கானலில் இரண்டு நாளுக்குச் செலவழித்ததைவிடக் கூடுதல்தான். சாப்பாடு எளிமையானது, கேரளச் சிவப்பரிசி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, மனைவிக்குப் பிடித்துவிட்டது. வளைவுகளில் மகளுக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் காலை உணவை மேலே போய்க் கொடுப்பதே நல்லது.

மதுரை நண்பருக்கு: குளிர் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். அங்கே கொடுத்த கம்பளி அம்மாவுக்குப் போதவில்லை, என் பங்கையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். வீட்டிலிருந்து ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.