2024: எல்லையோரத்துல இருந்து பார்த்த படங்கள் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்க வீட்டுல இருந்து கிழக்கே போனா பொள்ளாச்சி, மேற்கே போனா பாலக்காடு. சித்தூர் தாலுகாவுல பிறந்த தமிழ்க்காரங்க நாங்க. பள்ளிக்கூடம் தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், சினிமா ரெண்டும். சின்ன வயசுல இருந்து எந்தப் பக்கம் நல்ல படம் ஓடுதோ அந்தப் பக்கம் பஸ் ஏறுவோம். இந்த வருஷம் ஏறினது பெரும்பாலும் மேற்கேதான். அது ஏன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் இதை எழுதறேன்.

செப்டம்பர் 5. விஜய் நடிச்ச 'கோட்' ரிலீஸ். தமிழ்நாட்டுல காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி, கேரளாவுல அதிகாலை 4 மணிக்கே. அதனால பொள்ளாச்சியில இருந்து அக்கா பசங்க மூணு பேரும் முந்தின நாள் சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. "மாமா, எங்களைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே பிடிவாதம். ராத்திரி ரெண்டரைக்குக் கிளம்பினோம். பாலக்காட்டுல தியேட்டர் வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் தமிழ்நாட்டு நம்பர். பசங்க சந்தோஷத்தைப் பார்க்கவே போகலாம், அப்படி ஒரு கூட்டம்.

படம் ஓடும்போது நான் திரையைவிட பசங்களைத்தான் அதிகம் பார்த்தேன். அவங்க விசில் அடிச்ச இடமெல்லாம் ஏற்கெனவே வந்த ஏதோ ஒரு படத்தோட ஞாபகம். ஒரு வசனம், ஒரு பழைய பாட்டு, ஒரு முகம். விஜயகாந்த் சாரை ஏஐ வெச்சு திரையில கொண்டுவந்தப்போ எனக்கும் தொண்டை அடைச்சுது, மறைக்கல. அவர் 2023 டிசம்பர் 28-ல போனவர். ஆனா வெளிய வந்து கட்டஞ்சாயா குடிக்கும்போது நடுப்பையன்கிட்ட "உனக்கு எது பிடிச்சுது"ன்னு கேட்டா, பழைய படங்களோட பேரைத்தான் வரிசையாச் சொன்னான். புதுசா ஒண்ணு சொல்லுடான்னேன். யோசிச்சான். சாயா ஆறிப்போச்சு.

அதே பாலக்காட்டுல பிப்ரவரியில 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்தேன். அதுலயும் பழசு இருக்கு. 1991-ல வந்த 'குணா' பாட்டை அப்படியே எடுத்து வெச்சிருக்காங்க. ஆனா எங்க வெச்சாங்க பாருங்க. 2006-ல கொடைக்கானல் குகையில நிஜமா நடந்த சம்பவம். உள்ள விழுந்த சிநேகிதனை மேல தூக்கற நேரத்துல அந்தப் பாட்டு வருது. 33 வருஷமா காதல் பாட்டா கேட்டது அன்னிக்கு வேற பாட்டா கேட்டுச்சு. பக்கத்து சீட்டுல இருந்த மலையாளி அண்ணன் தமிழ் வரிகளைச் சத்தமா கூடப் பாடினார். கொடைக்கானல் போலீஸ்காரர் பேசற தமிழும் கடைக்காரர் பேசற தமிழும் அந்தந்த ஆளோட தமிழாவே இருந்துச்சு. நம்ம ஊரை நமக்கு அவங்க காட்டினாங்களேன்னு பெருமையும் இருந்துச்சு, வலியும் இருந்துச்சு.

பழசை எடுக்கறது தப்பில்லைங்க. எடுத்துட்டு வந்து எந்த மண்ணுல நடறோம்கறதுதான் எனக்குக் கேள்வி. உங்க பக்கம் எப்படி?

நகரியிலிருந்து:

அண்ணா, நீங்க கடைசியா சொன்னது எங்களுக்கு நல்லாப் புரியும். இங்க ஆந்திராவுல தறி ஓட்டற வீடு எங்களுது. வீட்டுல தமிழ், வெளியில தெலுங்கு. 2003 சங்கராந்திக்கு 'ஒக்கடு' வந்தப்போ நான் ஒம்பதாங்கிளாஸ். அடுத்த வருஷமே அது தமிழ்ல 'கில்லி'. முதல்ல எனக்குக் கோபம், நம்ம படத்தைத் தூக்கிட்டாங்கன்னு. திருத்தணிக்குப் போய்ப் பார்த்ததும் கோபம் போயிடுச்சு. கர்நூல் இருந்த இடத்துல மதுரை. சார்மினார் இருந்த இடத்துல சென்னைக் கலங்கரை விளக்கம். கதை அதேதான், ஆனா முத்துப்பாண்டி எங்க ஊர் வில்லன் இல்ல, அசல் மதுரைக்காரன். டைரக்டர் தரணி அதை வேற ஊருக்குக் குடிவெச்சாரு.

இந்த ஏப்ரல் 20-ல 'கில்லி'யைத் திரும்ப விட்டாங்க இல்ல, அதுக்கும் போனேன். இருபது வருஷம் கழிச்சும் ஜனம் நிக்க இடமில்ல. அதே மாசத்துல வந்த புதுப் படங்களுக்குப் பாதி சீட்டு காலி. தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கற பெரியவர், "பழசே சோறு போடுது தம்பி"ன்னாரு.

இப்ப பெரிய படம்னா எங்க தெருவுல ஒரே படத்துக்கு ரெண்டு போஸ்டர், எழுத்து மட்டும் வேற. எல்லா பாஷையிலயும் விக்கணும்னு எடுக்கறதால கடை போர்டுல என்ன எழுத்துன்னுகூடக் காட்டறதில்ல. கதாநாயகன் எந்த ஊர், என்ன சாப்பிடுவான், அம்மாவை எப்படிக் கூப்பிடுவான், ஒண்ணும் தெரியாது. எங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். அதனால ரெண்டுலயும் அது ஒட்டலங்கறதும் தெரியுது.

தக்கலையிலிருந்து:

நான் சொல்லப்போறது ஆகஸ்ட் மாசக் கதை. 'மணிச்சித்ரதாழ்' 4கே பண்ணி ஆகஸ்ட் 17-ல கேரளாவுல திரும்ப ரிலீஸ் ஆச்சு. நானும் எங்க மதினியும் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் பார்த்தோம். 1993-ல அது வந்தப்போ மதினிக்குக் கல்யாணம் ஆன புதுசு. அந்தப் படத்துல வர்ற அரண்மனையில ஒரு பகுதி எங்க பத்மநாபபுரம்தான். இருக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள அரசு. படத்துல அந்த மர மச்சும் முற்றமும் வந்ததும் மதினி என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

அந்தக் கதை எத்தனை வீடு மாறியிருக்குன்னு நினைச்சுப் பாருங்க. கன்னடத்துல 2004, தமிழ்ல 'சந்திரமுகி' 2005, இந்தியில 2007. ஆனா ஒரு விஷயத்தை யாரும் விடல. மலையாளத்துல அந்த ஆவி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவா. கன்னடத்துலயும் தமிழ்லயும் அவ பாடறது தெலுங்கு. இந்தியில வங்காளம். பூட்டின அறைக்குள்ள எப்பவும் பக்கத்து நாட்டுப் பொண்ணுதான் இருப்பா! அந்தந்த ஊர்ல எந்தப் பாஷைக்காரி வந்தா வீடு கலங்கும்னு யோசிச்சு மாத்தியிருக்காங்க. இதைக் காப்பின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இந்த வருஷம் பாருங்க: 'இந்தியன் 2', 'அரண்மனை 4', 'டிமான்டி காலனி 2', 'விடுதலை பாகம் 2', தெலுங்குல 'புஷ்பா 2', இந்தியில 'பூல் புலையா 3'. இதுல சிலது நல்லாவும் இருக்கலாம். ஆனா பேருக்குப் பின்னால எண் வந்துட்டா, புதுசா ஒரு வீட்டுக் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் போயிடுது. 'இந்தியன்' வந்தது 1996-ல. 28 வருஷத்துல இந்த ஊர்ல எவ்வளவு நடந்திருக்கு! ஒரு பெரிய கம்பெனிக்குப் புதுக் கதையே கிடைக்காமலா போச்சு?

கம்பத்திலிருந்து:

ஒரு நிமிஷம். வருஷத்தையே குத்தம் சொல்லாதீங்க, எனக்கு மனசு ஒப்பல. இதே 2024-லதான் 'மகாராஜா', 'லப்பர் பந்து', 'மெய்யழகன்', 'கொட்டுக்காளி' எல்லாம் வந்துச்சு. 'கொட்டுக்காளி' எங்க ஊருக்கு வரல, தேனிக்குப் போய்ப் பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோச் சத்தம், சேவல், காத்து, அவ்வளவுதான். நடிச்ச பொண்ணு அன்னா பென் மலையாளி. பெரும்பாலும் பேசாமலேயே மதுரைப் பக்கத்துப் பொண்ணா நிக்குது. காட்சியில நாங்க பதினோரு பேர் இருந்தோம். எண்ணினேன்.

'மெய்யழகன்' முதல் நாள் பார்த்துட்டு, அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டுப் போனா ராத்திரிப் பேச்சுல ஒரு பகுதியைக் காணோம். 18 நிமிஷம் குறைச்சுட்டாங்களாம். நீளமா இருக்குன்னு பேச்சு வந்துச்சு, வெட்டினாங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து பேசறதுதான் அந்தப் படமே. அதையும் பொறுமையா கேக்க நமக்கு முடியலன்னா, நாளைக்கு எவன் அப்படி எழுதுவான்? படம் எடுக்கறவங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்திலிருந்து:

நான் லோடு ஏத்தற ஆளுங்க. ஓணம் சீசன்ல நேந்திரங்காய் லாரி இந்த வழியாத்தான் கேரளாவுக்குப் போகும். 'வாழை' படத்துக்கு என் சம்சாரம் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனா. அதுல வர்ற பையன் வாழைத்தார் தூக்கும்போது கழுத்தைச் சாய்ப்பான் பாருங்க, அது தூக்கினவனுக்குத்தான் தெரியும். எனக்கு 46 வயசு. சும்மாட்டுத் துணியை மடிக்கிறதை நான் அதுக்கு முன்னாடி சினிமாவுல பார்த்ததில்லை. வேற சொல்லத் தெரியல.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லாரும் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். கம்பத்து அண்ணா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். 'கொட்டுக்காளி' பொள்ளாச்சிக்கு வந்துச்சு, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டது நான்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தா படம் இல்லை. நாலு மணிக் காட்சிக்கு ராத்திரி ரெண்டரைக்கு வண்டி எடுக்கத் தெரிஞ்ச எனக்கு, சாயங்காலம் ஆறரை மணிக் காட்சிக்கு நேரம் கிடைக்கலைங்கறது உறுத்துது. செக்போஸ்ட் அண்ணா, நீங்க எழுதினதை என் வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ அப்பாவும் சந்தையில தார் தூக்கினவர். ரொம்ப நேரம் பேசாம இருந்தா.

இன்னொண்ணு சொல்லிடறேன். ஆயுத பூஜை லீவுக்குப் பசங்க மறுபடி வந்தாங்க. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வீட்டு டிவியில போட்டேன். முதல் பத்து நிமிஷம் போனை நோண்டினாங்க, அப்புறம் போன் கீழ போச்சு. முடிஞ்சதும் சின்னவன், "அந்தக் குகை நிஜமாவே இருக்கா மாமா"ன்னான். மறுநாளே பழனி வழியா கொடைக்கானல் போனோம். மர வேரெல்லாம் மேல படர்ந்து கிடக்கு, குகைப் பக்கம் போகவிடாம வேலி போட்டிருக்காங்க. பெரியவனுங்க ரெண்டு பேரும் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துட்டாங்க. சின்னவன் மட்டும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு, "எவ்வளவு ஆழம் இருக்கும்? அவங்க கயிறு எங்கிருந்து கொண்டுவந்தாங்க? அப்ப மழையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்குப் பதில் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன்.