விரலா, பிக்கா: ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பற்றி ஒரு வாக்குவாதம்

மஞ்சக்குப்பத்தான்: லாஸ்பேட்டைத் தம்பி தம் வீட்டு அறையில் பதிந்து நேற்று ஏற்றிய ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் கீழே, ‘அசலுக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது’ என்று எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கித்தார் துணுக்கை, நீங்கள் பிக்கால், தந்தியைச் சுண்டும் சிறு தகட்டால், வாசித்திருக்கிறீர்கள். பாடலைப் படைத்த டீப் பர்ப்பிள் ராக் குழுவின் கித்தார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் நான்காவது தந்தியையும் மூன்றாவது தந்தியையும் விரல்களால் ஒரே நேரத்தில் சுண்டினார். பிக் பட்டால் ஒரு தந்தி முந்தும், மற்றது பிந்தும். விரலால் சுண்டினால்தான் இரண்டும் சேர்ந்து புறப்படும்.

லாஸ்பேட்டைக் கித்தார்: ஐயா, கித்தார் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் ஸ்பீக்கர் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி மைக்கை நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் எடுக்காத மூலையைத் தேடிக் கித்தாரைத் தோளில் மாட்டியபடி வீடு முழுக்க நான் சுற்றியதெல்லாம் உங்கள் காதில் விழவில்லை, பிக் மட்டும் விழுந்துவிட்டது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்து மோன்த்ரோவின் கிராண்ட் ஓட்டல் நடைவழியில் அவர்கள் பதிந்தார்கள் என்பதற்காகவே, எங்கள் வீட்டு நடையில் ஆம்பை வைத்துப் பதிந்தேன்.

மஞ்சக்குப்பத்தான்: அங்கேயும் சறுக்கிவிட்டீர்கள். இந்தப் பாடலின் அடிப்படை வாசிப்பு ஓட்டலுக்குப் போகும் முன்பே அதே ஊரின் பெவிலியன் அரங்கில் பதிவானது. சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தார் புகார் செய்து போலீஸ் வந்த பிறகுதான் அவர்கள் வேறு இடம் தேடினார்கள். உங்கள் நடை வீணாயிற்று. அது போகட்டும், பிக்குக்கு என்ன பதில்?

முத்தியால்பேட்டை டிரம்: அந்த ரிஃபின் கனத்தில் பாதி அதே குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டுக்கு உரியது. அவர் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியே செலுத்திக் கித்தாரோடு சேர்ந்து வாசித்தார் என்பதை இருவரும் மறந்துவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். லாஸ்பேட்டையார் என்னிடம் இரவல் வாங்கிப் போன டிரம் மைக் இரண்டும் பொங்கலிலிருந்து திரும்பவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

லாஸ்பேட்டைக் கித்தார்: அவற்றில் ஒன்றின் ஒயர் வரும்போதே அறுந்திருந்தது. மஞ்சக்குப்பத்தாருக்கு ஒரு கேள்வி: ஈகிள்ஸ் குழுவின் ‘ஓட்டல் கலிபோர்னியா’ பாடலின் முடிவில் கித்தார் கலைஞர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசிக்கும் பகுதியைத் தாங்கள் ஒருவராகவே இரண்டு தடங்களிலும் வாசித்து ஏற்றினீர்களே, அதில் மூன்றாவது கலைஞராகத் தனியார் பேருந்தின் ஏர்ஹார்ன் வாசித்தது யாருடைய ஏற்பாடு?

மஞ்சக்குப்பத்தான்: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் அறைக்குள் எதிரொலி சற்றுக் குறையுமே தவிர, வெளிச்சத்தம் நிற்காது என்பதை அன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பதிவின் கீழே மயிரிழை, நூலிழை என்று நான் எதுவும் எழுதவில்லை. அது பிளாக்மோரின் விரல், உங்களுடையது பிக். கடலூர்க்காரன் சொன்னான் என்பதற்காகப் புதுச்சேரியில் உண்மை மாறிவிடாது.

முத்தியால்பேட்டை டிரம்: ஆர்கனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லாஸ்பேட்டைக் கித்தார்: இன்று இரவு தெரு அடங்கியதும் விரலால் ஒருமுறை, பிக்கால் ஒருமுறை வாசித்து, எது எதுவென்று சொல்லாமல் ஏற்றுகிறேன். காது இருப்பவர் கண்டுபிடிக்கட்டும். பழைய பதிவும் அதன் கீழுள்ள வரியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மஞ்சக்குப்பத்தான்: ஹெட்போனோடு காத்திருக்கிறேன். முதல் இரண்டு சுரத்திலேயே சொல்லிவிடுவேன்.

முத்தியால்பேட்டை டிரம்: எந்த மைக்கில் பதியப் போகிறீர்கள் என்பதையும் தெரிவித்தால் நல்லது.