சிவப்புத் தொப்பிக்காரியைக் காப்பாற்றியது யார்?

மாடிப்படி:
மகளுக்கு ஆறு வயது. சிவப்புத் தொப்பிக்காரி (லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்) கதையைப் புதிதாகப் போட்டிருக்கிறார்களே என்று ஒரு படப் புத்தகம் வாங்கிவந்தேன். இதில் ஓநாய் பாட்டியைத் தின்னவில்லை, அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறது. கடைசியில் மன்னிப்புக் கேட்கிறது, எல்லோரும் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். இது கதையா, அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டமா? வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து உள்ளே கல்லை நிரப்பும் ஒரிஜினலைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். யாரும் கெட்டுப்போகவில்லை.

பழைய பேப்பர்:
ஒரிஜினல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் கேட்டது கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்டது. 1697இலேயே ஷார்ல் பெரோ பிரான்சில் இதை அச்சேற்றிவிட்டார். அதில் வேட்டைக்காரரே கிடையாது. அந்தப் பெண் உடையைக் களைந்துவிட்டுப் படுக்கையில் ஏறுகிறாள், ஓநாய் தின்கிறது, கதை முடிந்தது. கீழே ஒரு நீதிப்பாட்டு: இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பின்னாலேயே வரும் ஓநாய்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்து, இளம்பெண்களே ஜாக்கிரதை. பதினான்காம் லூயி காலத்து மேட்டுக்குடி வரவேற்பறைப் பேச்சு அது.

கிரிம்முக்குக் கதை சொன்ன ஹாசன்ஃப்ளூக் வீட்டுப் பெண்கள், தாய்வழியில் பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) வம்சம். அவர்கள் சொல்லி கிரிம் எழுதியதில் உடை களைவது காணோம். அதற்குப் பதில் 'பாதையை விட்டு விலகாதே' என்று அம்மாவின் கட்டளை வந்துவிட்டது. பெரோ கதையின் அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மாடிப்படி:
சரி, ஒரிஜினலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் சாதகம். 1697இல் தின்றது. 1812இல் தின்றதை வெளியே எடுத்தார்கள். இப்போது தின்னவே இல்லை. வரவரத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஊசிமுனை:
அண்ணே, அது அவ்வளவு நேர்கோடு இல்லை. பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அஷீல் மிலியன் எழுதிவைத்த வாய்மொழிக் கதை ஒன்று இருக்கிறது. அதில் தொப்பியே இல்லை. எதிரே வரும் ஓநாய் மனிதன் கேட்பது: "ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையிலா?" பாட்டி வீட்டில் அவள் தெரியாமல் பாட்டியின் சதையையே தின்று, ரத்தத்தை ஒயின் என்று குடிக்கிறாள். உங்கள் கல் நிரப்புவதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

படுக்கையில் ஏறியபின் உறைக்கிறது. "அவசரமாக வெளியே போகணும்" என்கிறாள். "இங்கேயே போ" என்கிறது அது. முடியவே முடியாது என்று அவள் அடம்பிடிக்க, காலில் கம்பளி நூலைக் கட்டி அனுப்புகிறது. முற்றத்தில் நூலை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். உள்ளேயிருந்து அது "இன்னும் முடியலையா?" என்று கத்திக்கொண்டிருக்கிறது. வேட்டைக்காரரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட பெண் முதலிலேயே இருந்தாள். பெரியவர்கள்தான் அவளை ஓநாய்க்குக் கொடுத்துவிட்டார்கள்.

சந்தேகப்பேர்வழி:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுதிவைத்தது 1885, பெரோ 1697. பின்னால் பதிவானதைத் தூக்கி முன்னால் வைத்து 'முதலிலேயே' என்கிறீர்கள். அச்சில் வந்த கதை கிராமத்துக்குப் போய்த் திரும்பியிருக்கக் கூடாதா? பழசுதான் வேண்டுமென்றால், பதினோராம் நூற்றாண்டில் லியேஜ் நகர எக்பர்ட் எழுதிய லத்தீன் பாட்டு இருக்கிறது. சிவப்பு உடை போட்ட சிறுமியை ஓநாய் தூக்கிப் போகிறது, குட்டிகள் கடிக்காமல் அவள் தலையை நக்குகின்றன. அவளைக் காப்பாற்றுவது ஞானஸ்நானத்தில் வந்த உடை. அங்கே அவள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

ஊசிமுனை:
'முதலிலேயே' என்றது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியும் குண்டூசியும் பெரோவில் இல்லையே, எங்கிருந்து வந்தன? அந்தப் பக்கத்தில் வளரும் பெண்களை ஒரு குளிர்காலம் தையற்காரி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்ததை இவோன் வெர்தியே என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் எழுதியிருக்கிறார். கதையில் அவர்கள் வாழ்க்கை இருக்கிறது. உங்கள் தேதியையே வைத்துக்கொள்வோம். அச்சுப் புத்தகத்தில் வேட்டைக்காரர் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிராமத்தில் அவளே தப்பி ஓடிக்கொண்டிருந்தாள். அப்படியானால் 'காலம் மாறியது, கதை மாறியது' என்பதில் எந்தக் காலம், யாருடைய காலம்?

பழைய பேப்பர்:
யார் வாங்குகிறார்களோ அவர்களுடையது. கிரிம்மின் மற்ற கதைகளையும் பாருங்கள். 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய். ஹான்சலைக் காட்டில் விடச் சொன்ன அம்மாவும் பின்னால் மாற்றாந்தாய் ஆனாள். முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ராபன்சல் "உடை ஏன் இறுக்கமாகிவிட்டது?" என்று கேட்டே மாட்டிக்கொள்வாள். கடைசிப் பதிப்பான 1857இல் அந்தக் கேள்வி இல்லை. கர்ப்பத்தை நீக்கினார்கள், ஓநாயின் கிழிந்த வயிறு அப்படியே இருந்தது.

சந்தேகப்பேர்வழி:
அதெல்லாம் வில்ஹெல்ம் கிரிம் என்ற ஒரு மனிதரின் பேனா. ஒருவருக்குத் தாய்ப்பாசம் அதிகம் என்பதற்காக ஜெர்மனியே மாறிவிட்டது என்பதா?

பழைய பேப்பர்:
கிரிம் கதைகளின் முதல் தொகுதி ஆய்வுக் குறிப்புகளோடு வந்தது. குழந்தைகளுக்கு ஏற்றதில்லை என்று திட்டு வாங்கியது. 1825இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கிச் சின்னப் பதிப்பு போட்டார்கள், அதுதான் வீடு வீடாகப் போனது. வில்ஹெல்மின் பேனா சரி, மையை விற்றது யார்? கலிபோர்னியாவில் 1990 வாக்கில் இரண்டு பள்ளி மாவட்டங்கள் இந்தக் கதையின் ஒரு பதிப்பை ஓரங்கட்டின. கூடையில் ஒயின் பாட்டில் இருந்ததுதான் காரணம். ஓநாயைப் பற்றி ஒரு புகாரும் இல்லை!

மாடிப்படி:
என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டீர்கள். பயம் வேண்டாம் என்று எழுதுவதை ஏன் ஏற்க வேண்டும் என்றுதானே கேட்டேன்?

ஊசிமுனை:
ஏற்க வேண்டாம் அண்ணே, எனக்கும் அந்தக் கேக் பிடிக்கவில்லை. மாற்றக் கூடாது என்பதோடு மட்டும்தான் சண்டை. கிரிம்மிலேயே இரண்டாவது முடிவு ஒன்று இருக்கிறது, படித்திருக்கிறீர்களா? இன்னொரு ஓநாய் வந்து கூரைமேல் பதுங்குகிறது. பாட்டி முந்தின நாள் சாசேஜ் வேகவைத்த தண்ணீரை வாசல் கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள், பேத்தி வாளி வாளியாக நிரப்புகிறாள். வாசனைக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, ஓநாய் சறுக்கி விழுந்து தொட்டியில் செத்துப்போகிறது. பாட்டியும் பேத்தியும் மட்டும்தான், வேட்டைக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை. குழந்தைப் புத்தகங்களில் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மாடிப்படி:
நேற்று ராத்திரி நூல் கதையைச் சொன்னேன். சதை, ரத்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், திட்டாதீர்கள். "இங்கேயே போ" வந்ததும் சிரிப்பை நிறுத்த ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் பிளம் மரம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. கொய்யா மரம் என்று மாற்றிவிட்டேன்.

பழைய பேப்பர்:
:)