பன்னிரண்டா, பதின்மூன்றா: 1979 நைஜீரியத் தேர்தல்

கணக்கன்:
"ராணுவம் நேர்மையாகத் தேர்தல் நடத்தியது, ஷகாரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்து அதிபர் ஆனார், 1979 அக்டோபர் 1 அன்று ராணுவ ஆட்சியாளர் ஒபாசஞ்சோ ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார்" என்று மணிமுத்தாறு நேற்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நைஜீரியாவில் அதிபர் ஆக அதிக வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, மொத்த மாநிலங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் கால்வாசி வாக்கு வாங்க வேண்டும் என்பது விதி. மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு பங்கு 12.67. மாநிலத்தைத் துண்டு போட முடியாது, ஆகவே 13. ஷகாரி தாண்டியது 12. அடுத்ததாக இருந்த கானோவில் அவருக்குக் கிடைத்தது 19.94 சதவீதம். எங்கே ஜெயித்தார்?

மணிமுத்தாறு:
ஷகாரிக்கு 56.88 லட்சம் வாக்கு, இரண்டாவது வந்த அவோலோவோவுக்கு 49.16 லட்சம். இதை ஏன் சொல்லவில்லை? அந்த விதி எதற்கு வந்தது? 1966ல் இரண்டு ராணுவப் புரட்சி, அப்புறம் கிழக்குப் பகுதி பிரிந்துபோக முயன்ற பியாஃப்ரா உள்நாட்டுப் போர். இனி ஒரே வட்டாரத்தின் ஆள் நாட்டை ஆளக் கூடாது என்றுதான் பிரதமர் முறையைக் கைவிட்டு அதிபர் முறைக்கு வந்தார்கள். ஷகாரி 12 மாநிலங்களில் கால்வாசி தாண்டினார். உங்கள் அவோலோவோ ஆறில். அதுவும் பெரும்பாலும் அவருடைய யொரூபா இனத்தார் வாழும் தென்மேற்குப் பகுதி. நாட்டுக்குப் பொதுவான ஆள் யார்?

கணக்கன்:
"உங்கள் அவோலோவோ" என்று நான் எங்கே சொன்னேன்? அவர் ஜெயித்தார் என்று ஒரு வரி காட்டுங்கள். யாரும் தகுதி பெறவில்லை என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. அந்த வழிக்குப் போகாமல் ஆகஸ்ட் 16 அன்று தேர்தல் ஆணையம் அவசரமாக அறிவித்தது. 13க்குப் பதில் சொல்லுங்கள்.

வழக்காடுமன்றம்:
அவோலோவோ போட்ட வழக்கில் பதில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, 1979 செப்டம்பர் 26. பின்னத்தை என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. ஆகவே 12 மாநிலம், அதோடு கானோவின் மூன்றில் இரண்டு பங்கு. கானோவில் பதிவான வாக்கு 12,20,763. அதில் மூன்றில் இரண்டு 8,13,842. அதில் கால்வாசி ஏறக்குறைய 2,03,460. ஷகாரி வாங்கியது 2,43,423. தாண்டிவிட்டார். இதில் என்ன மோசடி?

கணக்கன்:
இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். மொத்த வாக்கை மூன்றில் இரண்டாகக் குறைத்தீர்களே, ஷகாரியின் வாக்கை ஏன் குறைக்கவில்லை? 2,43,423ல் மூன்றில் இரண்டு 1,62,282. தேவை 2,03,460. தோற்றுவிட்டார். மாநிலத்தைச் சுருக்கி, வேட்பாளரை மட்டும் முழுசாக வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்கூட ஒப்புக்கொள்ள மாட்டான். இந்த ஓட்டையை அவோலோவோ தரப்பு அன்றே வழக்கில் காட்டியது. இந்த 12⅔ கணக்கை வாதாடிய ரிச்சர்ட் அகின்ஜிடே யார்? ஷகாரி கட்சியின் சட்ட ஆலோசகர். அதே ஷகாரி அரசில் சட்ட அமைச்சரும் ஆனார்.

வழக்காடுமன்றம்:
ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மனுவைத் தள்ளினார்கள். ஆறு பேருக்கும் கணக்கு வராதா? உங்களுக்கு மட்டும்தான் வருமா?

கணக்கன்:
அந்த ஆறு பேரில் ஒபசேகி 13 என்றே சொன்னார். தேர்தல் பெருமளவு சட்டப்படி நடந்தது என்று வேறு காரணம் காட்டித்தான் மனுவைத் தள்ளினார். ஏழாவது நீதிபதி கயோடே எசோ மாநிலத்தைத் துண்டு போட முடியாது என்று முழுதாக மாறுபட்டார். தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். பெயரில் மட்டும் வழக்காடினால் போதாது.

பழையவாசகர்:
என் அப்பா 1980களில் கானோவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே யாரும் 12⅔ பற்றிப் பேசி அவர் கேட்டதில்லை. கானோ மக்கள் அதே தேர்தலில் நின்ற அமினு கானோ என்ற தலைவருக்கு முக்கால்வாசி வாக்கு போட்டவர்கள். அவர்களுக்கு ஷகாரியும் ஒன்று, அவோலோவோவும் ஒன்று. ஏழைக் குடியானவனுக்காகப் பேசிய ஒரே தலைவர் அமினு கானோ. அவரைப் பற்றி இங்கே ஒரு வரி இல்லை.

கணக்கன்:
ஐயா, கானோவில் முக்கால்வாசி பேர் அமினு கானோவுக்குப் போட்டார்கள் என்றால் என் வாதத்தைத்தான் சொல்கிறீர்கள். ஷகாரியை நிராகரித்த மாநிலத்தைக் காட்டி ஷகாரியை அதிபர் ஆக்கினார்கள். 13.

மணிமுத்தாறு:
பேச்சுக்கு 13 என்றே வைப்போம். ராணுவ ஆட்சியாளர் முர்தாலா முகமது 1976 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஒபாசஞ்சோ நினைத்திருந்தால் அதைச் சாக்காக வைத்து நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சொன்ன தேதியில் இறங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படி இறங்கிய முதல் ராணுவ ஆட்சியாளர் அவர். இது பெரிய விஷயம் இல்லையா?

தெற்குச்சாளரம்:
முதலா? கானாவில் 1969லேயே ராணுவம் தேர்தலில் ஜெயித்த புசியாவிடம் ஆட்சியைக் கொடுத்தது. 1979லும் அங்கே ராணுவ ஆட்சியாளர் ராலிங்ஸ், ஒபாசஞ்சோவுக்கு ஒரு வாரம் முன்னதாக, செப்டம்பர் 24 அன்று தேர்தலில் ஜெயித்த லிமானிடம் கொடுத்தார். போன வருஷம் கானா விவாதத்தில் இதைச் சொன்னதற்குத்தான் மணிமுத்தாறு என்னை "விக்கிபீடியா புலவர்" என்றார். மறக்கவில்லை.

மணிமுத்தாறு:
ராலிங்ஸ் மூன்று முன்னாள் ஆட்சியாளர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டு நாலு மாதத்தில் கொடுத்தவர். 1981 கடைசியில் திரும்ப வந்து பிடுங்கிக்கொண்டார். அதை ஒபாசஞ்சோவோடு ஒப்பிடுவீர்களா? புலவர் பட்டம் தப்பில்லை.

தெற்குச்சாளரம்:
"முதல்" என்று எழுதியது யார்? அதற்குப் பதில் இல்லை. வசவு மட்டும் வருகிறது.

வழக்காடுமன்றம்:
கணக்கனின் வாதத்தை ஏற்றால் 2023ல் நைஜீரிய அதிபராக டினுபு ஜெயித்ததும் செல்லாது என்பார் போல. தலைநகர் அபுஜாவில் கால்வாசி வாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தோற்றவர்கள் எப்போதும் ஒரு பின்னத்தைத் தேடுவார்கள்.

கணக்கன்:
இப்போது மாநிலங்கள் 36, மூன்றில் இரண்டு பங்கு 24, மிச்சமே இல்லை. அபுஜா வேறு கேள்வி, அதற்குள் என்னை இழுக்க வேண்டாம். 1979ல் அதிபர் முறையின் முதல் நாளே, பொதுமக்களுக்குப் புரியாத ஒரு கணக்கின் மேல் ஓர் அரசை உட்கார வைத்தார்கள். தென்மேற்கில் பலர் அந்த அரசை நம்பவில்லை. 1983 தேர்தலில் கலவரம், டிசம்பர் 31 அன்று ராணுவம் திரும்ப வந்தது, ஜெனரல் புகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி சிவில் ஆட்சிக்கு 1999 மே 29 வரை காத்திருந்தார்கள்.

மணிமுத்தாறு:
எண்ணெய் விலை விழுந்தது, அமைச்சர்கள் சுருட்டினார்கள், அதனால் வந்த புரட்சி அது. கானோவின் 19.94 சதவீதமா நாட்டைக் கவிழ்த்தது? எதற்கெடுத்தாலும் 13, 13.

கணக்கன்:
இன்னும் நீங்கள் ஒரு தடவைகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. வேட்பாளரின் வாக்கை ஏன் குறைக்கவில்லை? 1,62,282 பெரியதா, 2,03,460 பெரியதா?

வழக்காடுமன்றம்:
வேட்பாளர் வாங்கிய வாக்கைக் குறைக்கச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

கணக்கன்:
மாநிலத்தைக் குறைக்கச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

பழையவாசகர்:
அமினு கானோவைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அங்கே வரலாம். கணக்கு வேண்டாம்.

தெற்குச்சாளரம்:
மணிமுத்தாறு, கானா 1969க்குப் பதில்?