யோகா வகுப்பு முடிவில் ‘நமஸ்தே’: பதிலுக்கு என்ன சொல்வது?

மாம்பலம் மருமகள்:
அமெரிக்காவில் சார்லட் நகருக்கு வந்ததிலிருந்து வீட்டுப் பக்கத்து யோகா ஸ்டூடியோவுக்குப் போகிறேன். சவாசனம் முடிந்து எழுந்ததும் ஆசிரியை கைகூப்பித் தலையைத் தாழ்த்தி ‘நமஸ்தே’ என்கிறார். ‘எனக்குள் இருக்கும் இறை உனக்குள் இருக்கும் இறையை வணங்குகிறது’ என்று விளக்கம் வேறு எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மொத்த வகுப்பும் திருப்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறது, நான்தான் சர்டிபிகேட் தர வேண்டும் என்பது போல. யோகாவில் இதற்கு உண்மையிலேயே இடம் உண்டா?

பாய்சுருட்டி:
சென்னையில் யோகா படித்துவிட்டு சிகாகோ பக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல் பழையதுதான். ருத்ரனை, அதாவது சிவனை, வணங்கும் வேதப் பகுதியான ஸ்ரீருத்ரம் தொடங்குவதே ‘நமஸ்தே ருத்ர மன்யவ’ என்று. ருத்ரா, உன் கோபத்துக்கு வணக்கம்! வில்லும் அம்புமாக நிற்பவரைச் சமாதானப்படுத்துகிற கும்பிடு அது. ‘உனக்கு வணக்கம்’, அவ்வளவுதான் பொருள். சுவரில் இருப்பது வேதாந்தம். நல்ல கருத்துதான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

வகுப்பை இதைச் சொல்லி முடிப்பது நம் ஊரில் நான் பார்க்காத வழக்கம். நாங்கள் ‘யோகேன சித்தஸ்ய’ என்று பதஞ்சலி ஸ்லோகத்தில் தொடங்குவோம். முடிவில் சாந்தி மந்திரம், அப்புறம் ‘வரேன் சார்’. மைசூர் யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் வழியில் தொடக்கம் ‘வந்தே குரூணாம்’, முடிவு ‘ஸ்வஸ்தி ப்ரஜாப்ய:’. சிவானந்தா யோகா மையங்களில் பார்த்ததும் ‘ஓம் நமோ நாராயணாய’ என்பார்கள், பீகார் யோகா பள்ளிக்காரர்கள் ‘ஹரி ஓம்’.

அதற்காக முறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிடாமல் இருக்க நமக்கு வராது, நானும் சொல்லிவிடுவேன். இலக்கணம் பார்த்தால் ‘தே’ ஒருமை. கூட்டத்துக்குச் சொல்ல ‘வோ நம:’ வேண்டும். அதே ருத்ரத்தில் சபைகளையும் சபைத் தலைவர்களையும் அப்படித்தான் வணங்குகிறார்கள். இதை ஸ்டூடியோவில் ஆரம்பித்தால் பக்கத்துப் பாய் காலியாகிவிடும்.

ஹன்ட்ஸ்வில் அப்பா:
எங்கள் அலபாமாவில் அந்தக் கவலையே இல்லை. 1993இல் அரசுப் பள்ளிகளில் யோகாவுக்கே தடை போட்டார்கள். 2021இல் சட்டம் போட்டுத் தளர்த்தினார்கள்; ஆனால் ஆசனப் பெயர் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும், மந்திரம் கூடாது, கை முத்திரை கூடாது, ‘நமஸ்தே’ கூடாது. அந்தச் சொல்லையே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள்! மத மாற்றம் நடந்துவிடும் என்ற பயம். ‘வரேன் சார்’ சொன்னால் சட்டப்படி குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

மாம்பலம் மருமகள்:
:-) சரி, நான் ‘வணக்கம்’ என்று சொன்னால்?

பாய்சுருட்டி:
தாராளமாக. ஒன்று மட்டும், அடுத்த வகுப்பிலேயே அதைச் சொல்லித்தரச் சொல்வார்கள். ‘ண’வுக்கு நாக்கை மடிக்கவைக்கத் தனியாகக் கொஞ்சம் நேரம் எடுத்து வையுங்கள்.