பிட்காயினை எரித்தவர்களை, அதாவது யாராலும் மீட்க முடியாதபடி அனுப்பி அழித்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அனுபவத்தைப் பகிருங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
சித்தப்பா பையன் போன தீபாவளிக்குக் கொஞ்சம் பிட்காயினை எரித்தான், தாத்தா நினைவாக. சில்வர் பீச்சில் போனை நீட்டி, "அண்ணே, அட்ரஸைப் படிங்க" என்றான். 1-இல் தொடங்கி தாத்தா பெயர் ஆங்கிலத்தில் முழுசாக இருந்தது. பெரிய 'ஓ' அங்கே செல்லாது என்பதால் சின்ன 'ஓ'. கடைசியில் செக்சம்முக்காக, அதாவது அட்ரஸில் எழுத்துப் பிழை இல்லையா என்ற சரிபார்ப்புக்காக, அர்த்தமில்லாத எழுத்துகள். அவன் முகத்தில் அப்படியொரு நிறைவு. பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த அட்ரஸிலிருந்து செலவு செய்யும் ரகசியச் சாவி யாரிடமும் கிடையாது என்பது, பிட்காயின் கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர்களான நோடுகளுக்கு எப்படித் தெரியும்? யாராவது செலவு செய்ய வருவார்கள் என்று, செலவாகாத காயின்களின் பட்டியலில் காலத்துக்கும் வைத்திருக்கும். ஓபி ரிட்டர்னில் (பரிவர்த்தனையில் சின்னக் குறிப்பு எழுதும் இடம், அங்கே போட்ட காயினைச் செலவு செய்ய முடியாது) போட்டிருந்தால் பட்டியலிலேயே ஏறியிருக்காது. அன்றைக்கு அவனிடம் இதைச் சொல்ல மனசு வரவில்லை.

லாஸ்பேட்டை வாசி:
ஒரு அட்ரஸுக்கா இவ்வளவு கவலை? 2014 ஜனவரியில், பிட்காயின் மேல் கட்டிய கவுண்டர்பார்ட்டி என்ற திட்டத்துக்காக 2,000 பிட்காயினுக்கு மேல் போலி அட்ரஸில்தான் எரித்தார்கள். ஒன்றும் நின்றுபோகவில்லை.

என்னை உறுத்துவது வேறு. கடைக்கு ஒருவர் வந்து, "இந்தப் பத்திரத்தை அப்படியே பிளாக்செயின்ல ஏத்திடுங்க, தம்பிங்க மாத்த முடியாது" என்றார். ஓரத்தில் அவருடைய அம்மாவின் கைநாட்டு, ஊதா மையில். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

யாரும் இப்படிச் செய்யாதீர்கள். பிளாக்செயின் என்பது எல்லா நோடிலும் நகல் இருக்கும் பொதுப் பதிவேடு. ஏற்றினால் ஏற்றியதுதான், உலகமே பார்க்கும், அழிக்க வழியில்லை. பைலின் ஹாஷ், அதாவது பைலிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், அது போதும், 32 பைட்தான். ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற தேதி முத்திரைச் சேவை பலருடைய ஹாஷ்களைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் போட்டுவிடும். அது தருகிற ஓடிஎஸ் என்ற சான்று பைலையும் மூல பைலையும் பத்திரமாக வையுங்கள். மறுபடி ஸ்கேன் செய்தால் ஹாஷ் மாறிவிடும். அப்புறம், அந்தத் தேதியில் பைல் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. சொத்து யாருடையது என்று சொல்லாது.

நெல்லிக்குப்பம்:
லாஸ்பேட்டை அண்ணா, ஒன்றுதானே என்று ஆளுக்கொன்று சேர்த்தால் சுமப்பது யார்? வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் நோடு ஓட்டுகிறவன் நான்.

என் நண்பர் மகள் பிறந்ததற்கு ஒரு வாழ்த்துப்பா போட நினைத்தார். அப்போது ஓபி ரிட்டர்னில் 80 பைட்தான். தமிழில் எழுத்துக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. 'மஞ்சக்குப்பம்' என்ற ஊர்ப் பெயரே 39. பாட்டை ஒவ்வொரு சொல்லாக வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் குழந்தை பெயரும் தேதியும் மட்டும் நின்றன. "இது போதும்டா" என்றார், கண் கலங்கிவிட்டது.

மஞ்சக்குப்பத்தாரே, தம்பி இந்த வருஷமும் எரிப்பதாக இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள். மதிப்பில்லாத காயினை வைத்துப் பழகும் டெஸ்ட்நெட்டில் ஒருமுறை செய்து காட்டுகிறேன்.